பட்டறையில் படித்த மேதை ஜி.டி. நாயுடு

பரிசளிப்பு விழா என்றாலே பள்ளிக்கூடத்துக்குத் தனிக் களை வந்துவிடும். கணக்கில் முதல் பரிசு, தமிழில் முதல் பரிசு, அறிவியலில் முதல் பரிசு என்று பெயர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் மேடையேறுவார்கள். பெற்றோர் முகம் மலரும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடு ஏது?

ஆனால் அதே மண்டபத்தில், பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் வீட்டில் நின்றுபோன மின்விசிறியைத் தானே கழற்றிப் பார்த்து ஓடவைத்திருப்பான். ஒருத்தி, அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் போடும் சத்தத்தை வைத்தே, எதில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். இதற்கெல்லாம் பரிசு கிடையாது. அந்தப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே இந்தக் கட்டுரையை எழுத முற்பட்டேன். இது பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போன ஒருவருடைய வரலாறு. அவரே பின்னாளில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாயிருந்தார். அவர்தாம் இந்தியாவின் எடிசன் என்று போற்றப்பட்ட கோவை ஜி.டி. நாயுடு.

பிள்ளைப் பருவம்

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்று ஒரு சிற்றூர். 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், அவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. இளமையிலேயே தாயை இழந்த பிள்ளை அவர்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிப்பது பிடிக்காமல், ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்கி வருகிறது. மாணவச் செல்வங்களே, இதை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்! எப்படியோ, தொடக்க வகுப்புகளோடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. படிப்பு நின்றதே தவிர, வாசிப்பு நிற்கவில்லை. கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமாகவே படித்தார். காட்டு வேலை செய்துகொண்டே எதையாவது நோண்டிப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று.

மோட்டார் சைக்கிள் சொல்லித் தந்த பாடம்

ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியையே பார்த்துப் பழகியிருந்த இளைஞர் துரைசாமிக்கு, மாடும் இல்லாமல் மிதிப்பதும் இல்லாமல் தானே ஓடும் வண்டியைக் கண்டு வியப்பு தாங்கவில்லை. எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

வண்டி வாங்கக் காசு வேண்டுமே! கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, சோறு பரிமாறி, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். நம்ம பையன்கள் என்றால் முதல் வேலையாக ஊரைச் சுற்றி வருவார்கள். அவரோ வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டார். ஒவ்வொரு உறுப்பையும் எடுத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டினார்.

கழற்றுவது யாருக்கும் வரும். பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தால்தான் சங்கதி தெரியும். எந்த உறுப்பு எதற்கு முன்னால் வந்தது, எது எதைத் தள்ளுகிறது, எந்த இடத்தில் இறுக்கம் வேண்டும், எந்த இடத்தில் இளக்கம் வேண்டும் என்பதெல்லாம் மனத்தில் ஒழுங்காகப் பதிந்தவனே மீண்டும் பூட்டுவான். பெட்ரோல் காற்றோடு கலந்து உள்ளே போகிறது. தீப்பொறி பட்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளல் சுழற்சியாக மாறிச் சக்கரத்துக்குப் போகிறது. இந்தப் பாடத்தை அவர் தம் விரல்களாலேயே படித்தார். பின்பு மோட்டார் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினார்.

எல்லாமே நேராக ஏறிய ஏற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, லாபமும் பார்த்து, பம்பாய்ச் சந்தையில் பெரும் பணத்தைத் தொலைத்தார். ஆனால் பணம்தான் போயிற்று. கைத்தொழில் கூடவே இருந்தது.

ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு நிறுவனம்

அந்நாளில் கோயம்புத்தூரில் பெருந்தொழில் நடத்தி வந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவருடைய உதவியோடு 1920ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, வண்டி நின்றுபோனால் அடியில் படுத்துப் பழுது பார்ப்பவரும் அவரே.

அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் யூ.எம்.எஸ். என்று கொங்கு நாடெங்கும் பெயர் பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சில ஆண்டுகளில் நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. நூற்றுக்கணக்கில் வண்டி ஓடும் இடத்தில் ஒரு முதலாளி எல்லா வண்டிக்கு அடியிலும் படுக்க முடியுமா? கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களைக் கடையில் வாங்க முடியாது; பழக்கித்தான் எடுக்க வேண்டும். ஓட்டுகிற தொழில் ஒன்று, ஓட்டத்தை நிற்காமல் காப்பாற்றுகிற தொழில் வேறொன்று என்பதைப் பஸ் தொழில்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

கண்டுபிடிப்புகள்

1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார் என்பது தொழில் வரலாற்றில் அவருக்குள்ள பெரும்பேர். கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மாடு பூட்டிக் கமலை இறைத்த காலம் அது. உள்நாட்டிலேயே மோட்டார் செய்யலாம் என்றானபின், கோயம்புத்தூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் போன ஊராக வளர்ந்தது.

உலர் மின்கலத்தில் ஓடும் ராசண்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கள்ள ஓட்டுப் போட முடியாதபடி வாக்கைப் பதியும் இயந்திரம் என்று அவர் செய்தவை கொஞ்ச நஞ்சமல்ல. விவசாயத்தையும் விட்டுவைக்கவில்லை, பருத்தியிலும் சோளத்திலும் பப்பாளியிலும் புதிய வகைகளை வளர்த்துக் காட்டினார். 1952இல் இருவர் அமரக்கூடிய சிறு காரை 2,000 ரூபாய் விலையில் தர முடியும் என்று காட்டினார். அதைத் தயாரிக்க அரசாங்க உரிமம் கிடைக்கவில்லை. கார் வரவேயில்லை.

ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் பலமுறை போய் வந்தார். கையில் எப்போதும் கேமரா இருக்கும். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர் அவர். எங்கே போனாலும், இது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்பதே அவருடைய வேலை.

பள்ளியை விட்டவர் கட்டிய கல்லூரி

இனித்தான் நம் கட்டுரையின் நடுப்பகுதி வருகிறது. 1945ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப் பெயரால், கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அவை தோன்ற முன்னின்றவர் நாயுடு. அக்கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். பாருங்கள், தொடக்க வகுப்பைத் தாண்டாதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்!

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஓடியவர் எதற்காகக் கல்லூரி கட்ட வேண்டும்? எல்லாரும் என்னைப் போல் தானாகவே கற்றுக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்திருக்கலாமே. அவருடைய வாழ்க்கையையே திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. தானாகக் கற்றுக்கொள்வது பெருமைதான். ஆனால் அதற்குப் பிடிக்கிற காலம் எவ்வளவு! உணவு விடுதியில் சேர்த்த கூலி, வியாபாரத்தில் இழந்த பணம், விழுந்து எழுந்த வருஷங்கள். வழிகாட்ட ஒருவரும் கருவி எடுத்துத் தர ஒரு பட்டறையும் இருந்திருந்தால், அவ்வளவு அலைச்சல் வேண்டியிருக்காது. தாம் பட்ட பாட்டை அடுத்த தலைமுறையும் படவேண்டும் என்பது அவர் எண்ணமில்லை.

அங்கேதான் சண்டையும் வந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு என்பது அரசாங்க விதி. நாயுடு அதை ஒப்பவில்லை. நான்கு ஆண்டு வீண், இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. ஆங்கில அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்கு மனமில்லை; முதல்வர் பொறுப்பை விட்டு விலகினார். கல்லூரி அரசாங்கத்தின் கீழ் தொடர்ந்தது. அதுவே இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி வேறிடத்துக்கு மாறிப்போனாலும், அவிநாசி சாலையில் அது இருந்த இடத்தை மக்கள் இன்னமும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

யார் சொன்னது சரி?

பெரியவர் என்பதற்காக அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் எழுதிவிட முடியாது. ஓர் அணையையோ விமானத்தையோ வடிவமைக்கும் பொறியாளருக்குக் கணிதமும் பௌதிகமும் ஆழமாக வேண்டும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கத்தான் செய்யும். இரண்டு ஆண்டில் அதை முடிப்பது கடினம். அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆனால் தொழிற்சாலை என்பது பொறியாளர் ஒருவரால் மட்டும் நடப்பதில்லை. பொறியாளர் வரைபடம் போடுகிறார். இயந்திரத்தை இயக்குபவர் இயக்குகிறார். இருவருக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார்: வரைபடத்தைப் படித்து, அளவு சரிபார்த்து, இயந்திரத்தைச் செப்பம் செய்து, பழுது வருமுன்பே தெரிந்துகொண்டு, உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர். அவருக்கு வேண்டிய கல்வியின் பெரும்பகுதி பட்டறையில்தான் இருக்கிறது.

இரும்புத் துண்டு ஒன்றை அரத்தால் சமதளமாக ராவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க எளிது. செய்து பார்த்தால் நடுவில் மேடு விழும், ஓரம் சரியும். கால் எங்கே நிற்பது, தோள் எப்படி அசைவது, எந்தக் கையில் அழுத்தம் குறைவது என்று தெரிய நாட்கள் ஆகும். மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை அளக்க வேண்டும். தலைமுடியின் கனத்தைவிடச் சிறிய அளவு அது. திருகை அதிகமாக இறுக்கினாலே அளவு பொய் சொல்லும். இதைப் புத்தகம் சொல்லலாம். விரல்தான் புரிந்துகொள்ள வேண்டும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, தப்பைத் தப்பு என்று காட்டினால், பத்து மாதத்தில் வருவது பத்தே வாரத்தில் வரும். தொழில் பழகுநர் பயிற்சி என்பதன் பொருள் இதுதான்.

இந்த வகையில் நாயுடு நினைத்த திசையில்தான் உலகம் நடந்தது. பட்டறையில் வேலையும் பள்ளியில் பாடமுமாகச் சேர்த்துக் கற்பிக்கும் முறையை ஜெர்மனி நெடுங்காலமாக வைத்திருந்து, 1969இல் சட்டமாகவும் ஆக்கியது. இந்தியாவில் 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. நம் மலேசியாவில் 2005ஆம் ஆண்டு முதல் எஸ்.எல்.டி.என். என்னும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக் காலத்தில் 70 முதல் 80 விழுக்காடு தொழிற்கூடத்திலும், மீதி பயிற்சி நிலையத்திலும் கற்பது இதன் ஏற்பாடு.

நம்ம காம்பார்ப் பக்கத்துக் கதை

கோயம்புத்தூர்க் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம்ம பக்கத்திலேயே பார்ப்போம். கிந்தாப் பள்ளத்தாக்கு முழுதும் ஒரு காலத்தில் ஈய லம்பங்கள். தஞ்சோங் துவாலாங் பக்கம் இன்று காட்சிப்பொருளாக நிற்கிறதே டி.டி.5 என்னும் ஈயக் கப்பல், அது 1938இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 4,500 டன் எடை. 1982 வரை வேலை செய்தது. வாளி வாளியாக மண்ணை வாரும் அந்தப் பூதத்தில் ஓர் ஊசி முறிந்தாலும் வேலை நின்றுபோகும். அதைக் கட்டிக் காத்தவர்கள் ஃபிட்டர்களும் வெல்டர்களும் எண்ணெய் போடுபவர்களும்தான். தோட்டத்து ரப்பர் ஆலைகளிலும் அப்படியே. மூத்தவர் ஒருவர் கூட நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுத்தே நம் தாத்தாமார் பலர் தொழில் பழகினார்கள்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடின. தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறின. அப்போது பலருக்கு நேர்ந்த துன்பம் என்ன? கையில் தொழில் இருந்தது. காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. முப்பது வருஷம் இயந்திரத்தோடு வாழ்ந்தவரும் வேறிடத்தில் வேலை கேட்டால் சாதாரணக் கூலியாள்தான். கற்றுக்கொள்வது ஒரு பாதி என்றால், கற்றதை ஒழுங்குபடுத்தி, சோதித்து, சான்று தருவது மறுபாதி. நாயுடு கல்லூரி கட்டியதன் அருமை நமக்கு இங்கேதான் விளங்குகிறது.

இன்று அந்தச் சான்றுக்கு வழி இருக்கிறது. எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு. அதற்கு மேலே திறன் டிப்ளோமாவும், உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் முறையும் இருக்கிறது. ஈப்போவிலேயே அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வழியிருந்தும் நம் மனத்தில் ஒரு தடை இருக்கிறது. படிப்பு ஏறாதவன்தான் பட்டறைக்குப் போவான் என்று நாமே சொல்லிச் சொல்லி, கைவேலையைத் தண்டனை ஆக்கிவிட்டோம். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, தோற்றுப்போனவன் என்ற எண்ணத்தோடேயே தொழிற்பயிற்சிக்குள் நுழைகிறான். அந்த எண்ணத்தோடு போனவன் பாதியில் நின்றுவிட்டால், குற்றம் அவனுடையது மட்டும்தானா?

அதே சமயம், நாயுடு படிக்காமலே பெரிய ஆளாகவில்லையா என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடுவதும் தப்பு. அவர் காலம் வேறு. இன்றைய இயந்திரம் கணினியோடு பேசுகிறது. பின்னமும் கோணமும் தெரியாமல் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்க முடியாது. கையேட்டைப் படிக்கத் தெரியாதவர் இயந்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் விரல் போகும். ஆகவே, இந்தப் பள்ளியில் இன்று படிக்கும் கணக்கும் மொழியும்தான் நாளைய பட்டறையின் வாசற்படி. நாயுடுவும் வாசிப்பை விட்டவரல்லரே!

நிறைவாக

ஜி.டி. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் காலமானார். அவர் செய்த கருவிகளும் சேர்த்த பொருள்களும் கோயம்புத்தூரில் கண்காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. அவர் பெயரால் அமைந்த அறநிலையம் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்து வருகிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில், அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்தப் பாலம் ஹோப் காலேஜ் வழியாகத்தான் போகிறது. தம் எண்ணம் நிறைவேறாமல் அவர் விட்டு விலகிய இடத்துக்கு மேலேயே அவர் பெயர் இன்று நிற்கிறது.

பரிசு பெற்ற செல்வங்களுக்கு நம் வாழ்த்து. பரிசு பெறாத செல்வங்களே, உங்களுக்கும் வாழ்த்து. வீட்டில் பழுதான பொருள் ஏதாவது இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு, மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு, கழற்றிப் பாருங்கள். கழற்றிய வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டி முடித்ததும் தரையைப் பாருங்கள். ஒரு நட்டும் மிச்சமில்லை என்றால், அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெற்றோர்களே, அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முதுகில் ஒரு தட்டு தட்டிக்கொடுங்கள். அவனுக்கும் அவளுக்கும் அதுதான் பரிசளிப்பு விழா.